கொம்போடு விழுங்கிய மாடு

எஸ்ட்கோர்ட் பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்த பெண், பாபாவின் சட்டையில் தொங்கிய அடையாள அட்டையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ங்கியாபோங்கா, புங்கானே" என்றாள். முதல் சொல்லுக்கு நன்றி என்று பொருள். தென்னாப்பிரிக்காவுக்குப் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டாவது சொல்தான் புரியவில்லை. அட்டையில் இருந்த குடும்பப் பெயர் ஹடேபே.

வண்டியில் ஏறியதும் கேட்டேன். "புங்கானே என்பது யார், பாபா?"

"நான்தான்."

"அது உங்கள் பெயரா?"

"இல்லை. இருநூறு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன எங்கள் அரசரின் பெயர்." சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்து காற்று வாங்க ஆரம்பித்துவிட்டார். மேலே கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் விட்டுவிடுவார். அவர் சுபாவம் அது.

நான் நில அளவையாளன். 2017 கடைசியிலிருந்து சுமார் இரண்டு வருடம், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில், டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ஒரு குடிநீர்க் குழாய்த் திட்டத்துக்காக அளந்துகொண்டிருந்தேன். எஸ்ட்கோர்ட்டிலிருந்து மேற்கே போனால் ந்டாபாம்ஹ்லோபே என்ற வெள்ளை மலை, அதற்கும் பின்னால் ஜயன்ட்ஸ் காஸில் சிகரம். அந்தச் சரிவுகளில் நான் கருவியின் பின்னால் நிற்பேன். பாபா பிரிசம் கம்பைப் பிடித்துக்கொண்டு எதிர்க் குன்றில் நிற்பார். அறுபதைத் தாண்டிய மனிதர். அந்த ஊரில் வயதில் மூத்தவரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எல்லாருக்கும் அவர் பாபா, எனக்கும் பாபா.

அவர் ஹ்லுபி என்ற மக்களைச் சேர்ந்தவர். இந்தச் சொல்லை உச்சரிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. நாக்கை 'ல' சொல்வதற்கு வைப்பதுபோல் வைத்துக்கொண்டு, குரலை எழுப்பாமல், காற்றை மட்டும் நாக்கின் இரு பக்கமும் சீறவிட வேண்டும். ழகரம் சொல்லத் தெரிந்த நாக்குக்கு எதுவும் சாத்தியம் என்ற என் தலைக்கனம் அங்கே இறங்கியது. பலரைச் சொல்லும்போது முன்னால் 'அமா' சேர்த்து அமாஹ்லுபி என்பார்கள்.

புங்கானே விஷயத்துக்கு வருகிறேன். சூலு பேசும் ஊர்களில் ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் பின்னால் ஒரு வரிசை உண்டு. முன்னோர் பெயர்களும் அவர்களைப் பற்றிய புகழ்ச்சி வரிகளும் கோத்த சரம். இஸிதாகஸெலோ என்பார்கள். நன்றி சொல்லும்போது, வரவேற்கும்போது, அழுகிற குழந்தையைத் தேற்றும்போது அந்தச் சரத்திலிருந்து ஒரு மணியை எடுத்து வீசுவார்கள். கடைப் பெண் ஹடேபே என்று படித்தாள், புங்கானே என்று திருப்பிக் கொடுத்தாள். இருவருக்கும் முன்பின் அறிமுகமே இல்லை.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது முழுச் சரத்தையும் சொல்லச் சொல்லி லெவல் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஹடேபே. புங்கானே. ம்திம்குலு. அப்புறம் 'மாஷ்வபடா' என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் ஒரு நீள வரி. அதைச் சொல்லும்போது பாபாவின் குரலே மாறியது. பொருள் கேட்டேன். "மாட்டைக் கொம்போடு சேர்த்து விழுங்கியவன்" என்றார்.

"கொம்போடா?"

"கொம்போடுதான். அதில்தானே பெருமை."

ஒரு பிரமாண்டமான பசிக்காரரைப் பற்றிய தமாஷ் வரி என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். பிறகு நான் செய்த ஒரு அசட்டு வேலைதான் அந்த வரியைத் திரும்ப நினைக்க வைத்தது.

குழாய் போகும் தடத்தில் எந்தக் குடியிருப்பு எந்தப் பாரம்பரியத் தலைவரைச் சேர்ந்தது என்று காட்டும் வரைபடம் ஒன்று அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது. பேச்சுவார்த்தைக்காக. நானும் உற்சாகமாக உட்கார்ந்து ஹ்லுபிகளுக்கு மஞ்சள், பக்கத்து அமாங்வே மக்களுக்குப் பச்சை என்று வண்ணம் பூசினேன். வீட்டுப் பட்டியலைச் சரிபார்த்தபோது திகைப்பு. மஞ்சளுக்குள் இருந்த வீடுகளில் ஹடேபே என்ற பெயர் அங்கங்கேதான் இருந்தது. மற்றதெல்லாம் வேறு வேறு குடும்பப் பெயர்கள். இவர்கள் பின்னால் வந்து குடியேறிய வெளியாட்கள் போலிருக்கிறது என்று எண்ணி, அந்த வீடுகளுக்கு ஒரு சாம்பல் நிறம் கொடுத்தேன். மஞ்சள் துணியைப் பூச்சி அரித்ததுபோல் ஆகிவிட்டது வரைபடம்.

பாபா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம். "மகனே, சாம்பலை எடுத்துவிடு. எல்லாரும் ஹ்லுபிதான்."

"பெயர் வேறாக இருக்கிறதே?"

"பெயர் வேறாக இல்லாவிட்டால் நாங்கள் யாரைக் கல்யாணம் செய்வது?"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். டர்பனில், 1897 தொடங்கி 1922 வரை முதியவர்களைத் தேடித் தேடி அவர்கள் சொன்னதைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற காலனிய நீதிபதியின் காகிதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பதிப்பித்தவர்களில் ஒருவரான ஜான் ரைட் ஹ்லுபிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். விடுமுறை நாட்களில் படித்ததையும் பாபா சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். எது படித்தது எது கேட்டது என்று எனக்கே இப்போது கலந்துபோய்விட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஹ்லுபிகள் இருந்தது இந்த மலையடிவாரத்தில் அல்ல. இங்கிருந்து வடக்கே, ம்ஸின்யாதி ஆற்றின் மேல்பகுதியில், இன்றைய நியூகாஸில், யூட்ரெக்ட் ஊர்கள் இருக்கும் பக்கம். ம்ஸின்யாதி என்றால் எருமைகளின் நீர். அரசர் புங்கானே. துகேலா ஆற்றுக்கும் போங்கோலோ ஆற்றுக்கும் இடைப்பட்ட நாட்டில் அன்று இருந்த தலைமைகளில் இதுதான் மிகப் பெரியது என்கிறார்கள். சூலு என்பது அப்போது யாரும் பொருட்படுத்தாத ஒரு சின்னக் குலம்.

எப்படிப் பெரிதானார்கள்? பெற்றுப் பெருகி மட்டும் இல்லை. சண்டை போட்டுப் பிடித்ததும் கொஞ்சம் இருக்கும். ஆனால் பெரும்பகுதி, ஆட்கள் தாமாக வந்து சேர்ந்தது.

அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு. அல்லது சூனியம் வைத்தான் என்ற பழி. அல்லது மழை பொய்த்துவிட்டது. 1800களின் தொடக்கத்தில் வந்த பஞ்சத்துக்கு மட்லாதூலே என்றே பெயர் வைத்திருந்தார்கள். கிடைத்ததைத் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் இரு என்பது போன்ற பெயர். இப்படி ஏதோ ஒன்று துரத்த, ஒரு குடும்பத் தலைவன் மனைவிமாரையும் பிள்ளைகளையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு இரவோடு இரவாகக் கிளம்புவான். ஆள்பலமும் மாட்டுவளமும் உள்ள ஓர் அரசரின் வாசலில் போய் நிற்பான். ஒரு மாட்டைக் கொடுத்து, உங்களை அண்டி வாழ வந்திருக்கிறேன் என்பான். இதற்கு உகுகோன்ஸா என்று பெயர். அரசர் ஏற்றுக்கொண்டால், வீடு கட்டிக்கொள்ள ஒரு சரிவு, விதைக்க ஒரு நிலம் காட்டுவார்கள். மாடு இல்லாமல் வந்தவன் என்றால் அரசரே மாடு கொடுப்பார், சொந்தமாக அல்ல, வளர்ப்புக்கு. பால் அவனுக்கு, மாடு அரசருக்கு. நம் ஊரில் வாரத்துக்கு மாடு விடுவோமே, அந்த மாதிரி. உகுஸிஸா என்பார்கள். பதிலுக்கு அவன் அரசரின் வயலில் விதைப்புக்கும் களையெடுப்புக்கும் ஆள் அனுப்ப வேண்டும், போர் வந்தால் ஈட்டி எடுக்க வேண்டும், சிறுத்தை அடித்தால் தோலை அரண்மனையில் சேர்க்க வேண்டும்.

அவன் கொடுக்க வேண்டியவற்றில் பெயர் கிடையாது. குலப்பெயர் அவனுடையது, முன்னோர் அவனுடையவர்கள், அவர்களுக்குப் பலியிடும் சடங்கும் அவனுடையது. நாள்பட அவன் வம்சம் பெருகினால் அவன் வழியிலேயே ஒருவர் அந்தச் சரிவுக்குப் பொறுப்பாளராக இருப்பார். ஒரே குலப்பெயர்க்காரர்கள் மணக்கக் கூடாது என்பது அங்கே கடுமையான விதி. பங்காளிக்குப் பங்காளி பெண் கொடுக்க மாட்டான் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். அரச வம்சம் முழுவதும் ஹடேபே என்றால் பெண்ணெடுக்க எங்கே போவது? வாசலில் வந்து நிற்கும் அந்நியன்தான் நாளைய மாமன். அவன் பெயரை அழித்துவிட்டு ஹடேபே என்று மாற்றினால் நஷ்டம் ஹடேபேக்குத்தான். இரண்டு தலைமுறை பெண் கொடுத்துப் பெண் எடுத்த பிறகு, நீ யார் என்று கேட்டால் அந்தப் பேரன் 'நான் ஹ்லுபி' என்பான். குலம் எது என்று கேட்டால் தாத்தாவின் பெயரைச் சொல்வான். இரண்டும் உண்மை. மாடு வயிற்றுக்குள்ளே, கொம்பும் அப்படியே.

(கொம்போடு விழுங்கிய வரிக்கு இந்த விளக்கம் என்னுடையது. பாபாவிடம் சொன்னேன். "இருக்கலாம். ஆனால் நல்ல பசியும் இருந்திருக்கும்" என்றார்.)

புங்கானேயிடம் அண்டி வந்தவர்களில் மிகப் பெரிய பெயர் டிங்கிஸ்வாயோ. பின்னாளில் ம்தெத்வா மக்களின் அரசராகி, சூலுக்களைப் பேரரசாக்கிய ஷாகாவை வளர்த்துவிட்ட அதே ஆள். தகப்பனோடு பகையாகி முதுகில் ஈட்டிக் காயத்தோடு ஓடிப்போன இளைஞன், ஹ்லுபி நாட்டில் புங்கானேயின் நிழலில் சிலகாலம் இருந்தான் என்றும், அங்கிருந்து குதிரையில் ஏறித்தான் ஊர் திரும்பினான் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். புங்கானேக்கு மருந்தும் மழையும் கைவந்த கலை என்ற பேச்சு இருந்தது. மழை பெய்விக்கத் தெரிந்த அரசர் என்றால் வாசலில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். இபுங்கானே என்றால் சூலுவில் வண்டு என்றும் பொருள். அதற்கும் அரசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குப் பாபா முறைத்தார், விட்டுவிட்டேன்.

அளவையாளனாக எனக்கு இதில் உறைத்தது வேறு. இந்த அரசுக்கு எல்லைக்கோடே இல்லை. அரசர் ஆண்டது நிலத்தை அல்ல, ஆட்களை. 'இன்கோஸி யின்கோஸி ங்கபான்டு' என்று அவர்களிடம் ஒரு சொலவடை, மக்களால்தான் அரசன் அரசன். ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று ஒருவரையும் மற்றது இன்னொருவரையும் அண்டி இருக்கலாம். பிடிக்காவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறொரு வாசலுக்குப் போகலாம். இதை என் மஞ்சளும் பச்சையும் எப்படிக் காட்டும்? நான் கற்ற தொழிலே கல் நட்டு, இந்தப் பக்கம் நீ அந்தப் பக்கம் அவன் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது.

இந்தத் தளர்வுதான் அவர்களைப் பெருக்கியது. அவர்களைக் கவிழ்த்ததும் இதுதான் என்றே நினைக்கிறேன். அரச வம்சத்துத் தம்பிமார்கள் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கூட்டத்தோடு இருந்தார்கள். ஷாகா பின்னால் செய்ததுபோல வாலிபர்களை எல்லாம் வீட்டிலிருந்து பிரித்து, அரசரின் படைவீடுகளில் அடைத்து, கல்யாணத்துக்குக்கூட அரசரின் உத்தரவு வேண்டும் என்று இறுக்கிக் கட்டுகிற ஏற்பாடு ஹ்லுபிகளிடம் இல்லை. புங்கானேக்குப் பிறகு மகன் ம்திம்குலு. பெயருக்குப் பொருள் பெரிய மரம். கிழக்கே இருந்த அமாங்வானே மக்களின் (முன்னே சொன்ன அமாங்வே அல்ல, இவர்கள் வேறு) தலைவர் மடிவானே, தன்மேல் படை வரும் என்று பயந்து, தன் மாடுகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ம்திம்குலுவிடம் அனுப்பிவைத்தாராம். ஆபத்து நீங்கியதும் கேட்டால் இவர் திருப்பித் தரவில்லையாம். மாட்டை விழுங்குவது இங்கேயும் வந்துவிட்டது, இந்த முறை புகழ்ச்சியாக அல்ல. பிறகு தன் நாட்டிலிருந்தே துரத்தப்பட்டு நிலம் தேடி வந்த மடிவானே, 1818 வாக்கில் ஹ்லுபிகள்மேல் விழுந்தார். ம்திம்குலு கொல்லப்பட்டார். அந்த நாட்டின் மிகப் பெரிய தலைமை, ஒரு தாக்குதலில் உதிர்ந்து போயிற்று.

ம்திம்குலுவின் சகோதரர் ம்பாங்கஸிதா ஒரு பெருங்கூட்டத்தோடு டிராகன்ஸ்பெர்க்கைத் தாண்டி மேற்கே போனார். அங்கே ட்லோக்வா மக்களோடு சண்டை. துரத்திக்கொண்டு மலையேறி வந்த அதே மடிவானேயின் கையில் 1825 வாக்கில் சாவு. அவருடைய ஆட்களில் பலர் சோத்தோ அரசர் மொஷுஷுவேயை அண்டினார்கள். சிலர் ஷாகாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். இஸியெண்டானே என்று ஹ்லுபிகள் நிறைந்த ஒரு படைப்பிரிவே அவரிடம் இருந்தது. பலர் தெற்கே நடந்து நடந்து கோசா நாட்டுக்குப் போய், அரசர் ஹின்ட்ஸாவின் ஆட்களிடம் மாடு மேய்த்தார்கள். அப்படி வந்த ஹ்லுபி, பேலே, ஸிஸி மக்களுக்கெல்லாம் பொதுவாக ம்ஃபெங்கு என்று பெயர் வந்தது. பிழைப்புத் தேடி அலைகிறோம் என்று அவர்கள் சொன்ன சொல்லிலிருந்து பிறந்த பெயர். 1835 மே 14 அன்று பெடி என்ற இடத்தில் ஒரு மரத்தடியில் வைத்து ஆங்கிலேயர் அவர்களிடம் விசுவாசச் சத்தியம் வாங்கி, எல்லையில் தங்களுக்கு ஒரு வேலிபோல் குடியமர்த்தினார்கள்.

அண்டி வந்தவர்களை ஏற்றுப் பெருத்தவர்கள், இப்போது தாங்களே அண்டிப் போனார்கள். போன இடத்தில் மொழி மாறியது, உடை மாறியது, குலப்பெயரை மட்டும் விடவில்லை. கோசா பேசும் பகுதிக்குப் போனவர்கள் நாக்கில் ஹடேபே, ராடேபே ஆயிற்று. அந்த எழுத்து 'ர' அல்ல, தொண்டையில் காறுகிற ஓர் ஒலி. அவ்வளவுதான் வித்தியாசம். பாபாவின் தூரத்து உறவினர் ஒருவர் கிழக்கு கேப்பில் மவுன்ட் ஃபிளெட்சர் பக்கமிருந்து ஒரு சாவுக்கு வந்திருந்தார். அவர் கோசா பேசினார், இவர் சூலு பேசினார். அவர் காரிலிருந்து இறங்கியதும் இவர் "புங்கானே!" என்றார், அவர் "மாஷ்வபடா!" என்றார். பிறகு இருவரும் பேசாமல் பிணம் கிடந்த வீட்டுக்குள் போனார்கள்.

மீதி வரலாறு தென்னாப்பிரிக்கர் பலருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ம்திம்குலுவின் மகன் ஒருவர், பழைய நாட்டிலேயே சூலு அரசர்களுக்கு அடங்கி இருந்து, சிதறியவர்களைத் திரும்பச் சேர்த்தார். பெயர் லங்காலிபாலேலே. வெயில் கொளுத்துகிறது என்று பொருள். இந்தப் பெயர் கொண்டவர்தான் அந்தக் காலத்தின் மிகப் பேர்போன மழைக்காரர், அக்கம்பக்கத்துத் தலைவர்கள் மழை வேண்டி மாடு அனுப்புவார்களாம். 1848இல் சூலு அரசர் ம்பாண்டேக்குப் பயந்து ஆங்கிலேயரின் நடாலுக்குள் வந்தார். மலையிலிருந்து இறங்கி மாடு கடத்தும் சான் மக்களைத் தடுக்க ஒரு மதில் வேண்டும் என்று, அடுத்த வருடம் அரசு அவர்களை இந்த மலையடிவாரத்தில் கொண்டுவந்து வைத்தது. கால் நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். பழைய முறைதான். வந்தவனைச் சேர்த்துக்கொள்வது.

கிம்பர்லி வைரச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன இளைஞர்கள் துப்பாக்கியோடு திரும்பினார்கள். பதிவு செய்யச் சொன்னது அரசு. அரசர் இழுத்தடித்தார். படை வந்ததும் மலையைத் தாண்டி ஓடினார்கள். 1873 நவம்பர் 4 அன்று கணவாயில் நடந்த கைகலப்பில் அரசுத் தரப்பில் ஐந்து பேர் செத்தார்கள். அவ்வளவுதான், பழி தீர்த்தார்கள். நிலம் போயிற்று, மாடுகள் போயின, பெண்களையும் பிள்ளைகளையும் வெள்ளைக்காரப் பண்ணைகளுக்கு வேலைக்குப் பங்கிட்டார்கள். பக்கத்தில் இருந்த பாவத்துக்கு அமாங்வே மக்களையும் சூறையாடினார்கள். லங்காலிபாலேலேயைப் பிடித்து, பெயருக்கு ஒரு விசாரணை நடத்தி, ரோபன் தீவுக்கு அனுப்பினார்கள். பிஷப் கொலென்ஸோ என்ற ஒரு பாதிரியார் மட்டும் தன் சமூகத்தையே பகைத்துக்கொண்டு அவருக்காக வாதாடினார். ஊர் திரும்ப அனுமதி கிடைத்தபோது 1887 ஆகிவிட்டது. 1889இல் இறந்தார். கேப்டவுனில் லங்கா என்ற குடியிருப்பு அவர் பெயரால் இருப்பது. நான் அளந்த அந்த நகராட்சிக்கும் 2016லிருந்து அவர் பெயர்தான்.

துப்பாக்கிப் பதிவேட்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் காலத்தின் மற்றப் பதிவேடுகள்தான் கண்ணில் படுகின்றன. யார் எந்தத் தலைவருக்குக் கீழே, அந்தத் தலைவருக்கு எந்த நிலம், குடிசைக்கு எவ்வளவு வரி என்று எழுதிக் கல் நட்ட அன்றோடு, இரவில் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு வாசலுக்குப் போகும் வழி ஏறக்குறைய அடைபட்டது. அதே நடாலுக்கு 1860இலிருந்து கப்பலில் போன நம்மவர்களுக்கும் பதிவேடு இதைத்தான் செய்தது. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், எழுதியவனின் எழுத்துப்பிழை நூற்றைம்பது வருடக் குடும்பப் பெயராய் நின்றுவிட்டது. 2010இல், எந்தெந்த அரசுரிமை செல்லும் என்று முடிவு செய்யப் போட்ட ஆணையம், ஹ்லுபிகளின் மன்னர் பதவிக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் ஹ்லுபிகள் ஏற்றுக்கொண்ட அரசர், இரண்டாம் லங்காலிபாலேலே, நான் அங்கே இருந்தபோது இருக்கத்தான் இருந்தார். பாபாவுக்கு இதில் கோபம் உண்டு. ஆனால் கோபத்தைவிட அலுப்பு அதிகம். "எங்களை எண்ணத் தெரியவில்லை அவர்களுக்கு" என்றார், மேலே பேசவில்லை.

வேலை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபா வீட்டில் சாப்பாடு. சோளமாவை உதிரி உதிரியாகக் கிளறிய ஃபுது. நம் புட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் அமாஸி, புளித்துக் கட்டியான பால். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து பாபா எனக்கு ஊற்றினார். மூலையில் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஊருக்கே அவர் கோகோ, பாட்டி. தொண்ணூறுக்கு மேல் வயது.

"என்ன சொல்கிறார்?"

"பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு யாரும் யார் வீட்டிலும் அமாஸி குடிக்கிறார்கள் என்கிறார்."

அந்தக் காலத்தில் அமாஸியை ஒரே குலத்துக்காரர்கள்தான் ஒன்றாக உட்கார்ந்து உண்பார்களாம். பக்கத்து வீட்டோடு இறைச்சி பகிரலாம், பீர் பகிரலாம், அமாஸி கூடாது. கோகோ மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோது, கண்ணெதிரே சுரைக்குடுக்கையில் அமாஸி நிறைந்து இருக்கும், தொட முடியாது. மாமனார் வீட்டார் அவருக்கென்று ஒரு விலங்கைக் கொடுத்து, இனி நீ குடிக்கலாம் என்று சொன்ன பிறகுதான் முதல் கரண்டி. எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று கேட்டேன். கோகோ விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, கணக்கை விட்டுவிட்டு, "அதன் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது" என்றார்.

கோகோவின் பிறந்த வீட்டுக் குலப்பெயர் வேறு. எழுபது வருடத்துக்கு மேல் ஹடேபே வீட்டில் இருந்தும், வருகிறவர்கள் அவரை அவருடைய தகப்பன் குலத்துச் சரத்தைச் சொல்லித்தான் வணங்கினார்கள். அவருடைய தகப்பன் வழியினர் எப்போது ஹ்லுபிகளிடம் வந்தார்கள் என்று கேட்டேன். "நாங்கள் எங்கே வந்தோம்? எப்போதும் ஹ்லுபிதான்" என்று கோகோ கொஞ்சம் சூடாகவே சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி, என் குலப்பெயர் என்ன என்று கேட்டார். எனக்கு இருக்கும் இனிஷியலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. யோசித்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி எங்கள் கூட்டத்தின் பெயரைச் சொன்னேன், காடை. அது என்ன என்று கேட்டார்கள், ஃபோனில் காடைப் படம் காட்டினேன். கோகோ ஃபோனைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பறவைக்காரர்களில் நீ பெண் எடுக்க முடியுமா?"

"முடியாது, கோகோ. எல்லாரும் பங்காளிகள்."

கோகோ பாபாவிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். வீட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பேத்தி ஒருத்தி எழுந்து அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

"என்னவாம், பாபா?"

"நீ ஹடேபே இல்லையாம். அதனால் ஒரு தடையும் இல்லையாம்." பாபா என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் அமாஸி ஊற்றினார். "பத்து மாடு. பெண்ணின் தாய்க்குத் தனியாக ஒன்று. மொத்தம் பதினொன்று."

என் சம்பளத்தில் ஆறு மாடுதான் தேறும் என்றேன். மீதி ஐந்தை அவர்களே வளர்ப்புக்குத் தருவார்கள் என்று கோகோ சொன்னதாகப் பாபா சொன்னார். பால் எனக்காம்.